பதினைந்து சொட்டு நகப்பாலிஷ்

தேவேந்திரனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் கணவர் விக்டர் சிரித்தார். "நீயா? உனக்கு இன்னா தகுதி இருக்குது லில்லி?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேள்வி நியாயமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது. அந்த மனிதருக்குக் கெடுதல் செய்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் திருவண்ணாமலை ரோட்டில் நடந்தால், பேக்கரிக்கும் உரக்கடைக்கும் நடுவில் ஒரு மொபைல் சர்வீஸ் கடை இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். அதுதான் தேவேந்திரனின் கடை. முப்பத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு இடுக்கி. சொந்த ஊர் சிங்கவரம். அவருடைய அப்பா பொன்னுசாமி அடுத்தவர் கழனியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி பிடுங்கியே பிள்ளையை டிப்ளமா படிக்க வைத்தார். படித்த பிள்ளை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் போன் போர்டுகளுக்கு ஈயம் உருக்கிப் பற்று வைத்தது. திடீரென்று ஒரு நாள் நூற்று ஐம்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். ஊருக்கு வந்து கடை போட்டார்.

செஞ்சியில் போன் ரிப்பேர் கடைக்காரருக்கு என்ன மரியாதை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போனைக் கொடுக்கும்போதே "ஒரிஜினல கழட்டிட்டு டூப்ளிகேட் போட்டுடாத" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். பாதிப் பேர் பேட்டரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். கையெழுத்து வராத கிழவர்கள் ஒரு பெருக்கல் குறி. தேவேந்திரன் எதற்கும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "போடுங்க, தாராளமா போடுங்க" என்பார்.

இப்போது என் கதை. நான் வயர்லெஸ் கருவிகளுக்கு மைக்ரோவேவ் சர்க்யூட் வரைகிறவள். சென்னையில் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலை. விக்டருக்கு வல்லம் பக்கத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை என்பதால் குடும்பம் செஞ்சியில். கம்பெனி ஒரு அளவைக் கருவியை எங்கள் மாடி அறைக்கே அனுப்பி வைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை, மூடினால் என் கருவி. மூன்று வருஷமாக நான் மல்லுக்கட்டியது ஒரே ஒரு பொருளோடு. அதன் பெயர் ஆக்டிவ் சர்க்குலேட்டர்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தேவேந்திரனுக்கு நான் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒரே ஆன்டெனாவில் பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். பேசுகிற சத்தம் கேட்கிற காதுக்குள் புகுந்துவிட்டால் வேறு எதுவும் கேட்காது. செஞ்சியில் வந்து சேரும் மூன்று ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்திலிருந்து வருகிறவன் திருவண்ணாமலை ரோட்டில் மட்டும்தான் போகலாம். திருவண்ணாமலையிலிருந்து வருகிறவன் விழுப்புரம் ரோட்டில் மட்டும். விழுப்புரத்திலிருந்து வருகிறவன் திண்டிவனம் ரோட்டில் மட்டும். எவனும் எதிர்ப்பக்கம் திரும்பக் கூடாது. சிக்னலை இப்படி ஒரே சுற்றில் ஓட்டுவதுதான் சர்க்குலேட்டர். வழக்கமாக இந்த வேலையை ஒரு காந்தம் செய்யும். காந்தம் தடிமன், கனம், சிப்புக்குள் அடங்காது. அதனால் காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று டிரான்சிஸ்டரை வட்டமாகக் கோத்து அதே வேலையை வாங்கப் பார்க்கிறோம்.

சொல்லி முடித்ததும் தேவேந்திரன் கேட்டார். "டிரான்சிஸ்டரு சத்தத்த பெருசாக்கும் இல்லக்கா? மூணும் பெருசாக்கி, சுத்தி சுத்தி வந்தா, திருவிழா மைக்கு மாதிரி தானா கத்தாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் கம்பெனி மேனேஜருக்கு ஆறு மாசம் ஆயிற்று.

அவரிடம் நான் போனதே வேறு வழியில்லாமல்தான். என் சர்க்யூட்டில் வைக்கிற பாகங்கள் கடுகைவிடச் சின்னவை. எனக்கு வரையத் தெரியும், பற்று வைக்க வராது. நானே வைத்துப் பார்த்த முதல் போர்டை அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "இது யாருக்கா வெச்சது? மாட்டுக்கு லாடம் அடிச்சாப்புல இருக்குது" என்றார். நான்தான் என்று சொல்லாமல் பேச்சை மாற்றினேன். அவர் கழற்றி வைத்தார். வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், விட்ட பிறகுதான் பேசுவார். அந்த போர்டு முதல் தடவையிலேயே வேலை செய்தது.

போகக் கூடாத பக்கம் சிக்னல் எவ்வளவு ஒழுகுகிறது என்பதுதான் சர்க்குலேட்டரின் யோக்கியதை. அதை டெசிபலில் சொல்வோம்; எண் ஏற ஏற ஒழுக்கு குறைவு. எங்கள் போர்டில் முப்பத்தொன்று வந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஒழுகவில்லை என்று அர்த்தம். அந்த ஒழுக்கை நான் நிறுத்தும் வித்தை இதுதான்: அதே அளவுக்கு நேர் எதிரான இன்னொரு ஒழுக்கை உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டுச் சாகடிப்பேன். அதற்காக ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் காலடியிலும் இரண்டு செம்புக் கோடுகள், நடுவில் தலைமுடி அகலத்துக்கு ஓர் இடைவெளி. நான் மூன்று வருஷம் கண்விழித்தது அந்த இடைவெளிக்காக.

மேனேஜர் அதே மாதிரி ஐந்து போர்டு கேட்டார். ஐந்தும் சரியாக இருந்தால் அடுத்து இருநூறு போர்டு. "கை சுத்தமா வேலை செய்ற ஆளு செஞ்சியிலயே இருக்காரு. இருநூறையும் அவரே பண்ணட்டும்" என்று நான் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். தேவேந்திரனிடம் இதைச் சொன்ன அன்றைக்கு அவர் டீ வாங்கிக் கொடுத்தார். "ஒரு வருஷத்து வேலக்கா இது. டிஸ்ப்ளே ஒடஞ்சிச்சு, சார்ஜ் ஏறலன்னு எவனும் வந்து திட்ட மாட்டான். இது நடந்தா போன் வேலய உட்டுட்டு இதயே புடிச்சிக்குவேன்" என்றார். மறு வாரமே கடைக்குள் இன்னொரு மேஜையை எப்படியோ திணித்துப் போட்டுவிட்டார். மூன்றாவது ஆள் மட்டுமில்லை, இரண்டாவது ஆளும் ரோட்டுக்கு வந்துவிட்டார்.

ஐந்து போர்டும் வந்தன. ஐந்திலும் முப்பது, முப்பத்தொன்று. மேனேஜர் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கரண்ட் உள்ளே வருகிற இடத்தில் ஒவ்வொரு போர்டிலும் இரண்டு சின்ன கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும். டிரான்சிஸ்டர் பக்கமே போக வேண்டியதில்லை. அரை நாள் வேலை.

திங்கட்கிழமை காலை போர்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். விக்டரோடு வேலை செய்யும் மங்கை டீச்சர் ஏதோ ஃபாரத்தில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தார். பெட்டியைப் பார்த்து எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த தேவேந்திரன் கடைக்கா? பாத்துங்க டீச்சர்." நான் டீச்சர் இல்லை. ஆனால் டீச்சர் பெண்டாட்டியும் அவருக்கு டீச்சர்தான். "எங்க அண்ணி போன்ல ஒரிஜினல உருவிட்டு வேற போட்டுட்டான்னு சொல்லிக்கிறாங்க. சின்ன சாமானா இருந்தா நமக்குத் தெரியவா போகுது? அடையாளம் வெச்சுக் குடுங்க."

சொல்லிக்கிறாங்க. யார் சொன்னார்கள், எப்போது, எந்த போன் என்று ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது தெரியாதவளா நான்? ஆனால் என் பிறவிக் குணம் அப்படி. பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்து வாங்குகிறவள். கேஸ் சிலிண்டரை எடை போடச் சொல்லி அந்த ஆளோடு சண்டை போடுகிறவள். சர்ச் பூசையில் காணிக்கைத் தட்டு சுற்றி வரும்போதுகூட யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறவள் என்று விக்டர் கேலி செய்வார். தொழிலும் அதே குணத்தைத்தான் கேட்டது. அளவு ரொம்ப நன்றாக வந்தால் சந்தேகப்படு என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். அதில் பேர் வாங்கியவள் என்று எனக்கு ஒரு கர்வமும் உண்டு.

அந்த டிரான்சிஸ்டர்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு மாசம் ஆகும். மங்கை டீச்சர் படியிறங்கிப் போவதற்குள் நான் என் மகள் நிலாவின் அறைக்குள் இருந்தேன். அவளுடைய நகப்பாலிஷ் சீசா மேஜையில் கிடந்தது. ஊதா கலந்த பிங்க், உள்ளே ஜிகினா. ஒரு போர்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர், ஐந்து போர்டு. பதினைந்து டிரான்சிஸ்டர் தலையிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தேன். பிரஷ் தடிமனாக இருந்தது. பேட்டரியில் பெருக்கல் குறி போடுகிற கிழவர்களைப் பார்த்துச் சிரித்த வாய் இது. ஊதி ஊதிக் காய வைத்தேன்.

பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். தேவேந்திரன் வழக்கம் போல, "வெச்சிட்டுப் போங்கக்கா, முடிச்சிட்டு போன் பண்றன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வாங்கி வந்து அளந்தேன். முதல் போர்டு, பதின்மூன்று. நான் நம்பவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். கருவியை மறுபடி சரி பார்த்தேன். பதின்மூன்றுதான். இருபதில் ஒரு பங்கு எதிர்ப்பக்கம் ஒழுகுகிறது. இரண்டாவது பன்னிரண்டு, மூன்றாவது பதினான்கு. ஐந்தும் சொல்லி வைத்த மாதிரி செத்துக் கிடந்தன.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் நன்றாக இருந்த போர்டு, நடுவில் போய் வந்தது ஒரே ஒரு கை. வேறென்ன வேண்டும்? பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிங்க் சொட்டுகள் இருந்தன. ஆனால் நான் வைத்தபடி உருண்டையாக இல்லை. கொஞ்சம் பரவி, ஓரம் பழுப்பேறி இருந்தன. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டு, அதே நிறத்தில் பாலிஷ் வாங்கி, மேலே சொட்டு வைத்திருக்கிறான்!

ஆமாம், அந்த நிமிஷத்திலிருந்து என் மனசுக்குள் அவர் 'அவன்' ஆகிவிட்டார். போன் கடைக்காரன் ஒருவன் மைக்ரோவேவ் டிரான்சிஸ்டரை எடுத்து என்ன செய்வான், யாரிடம் விற்பான் என்று கேட்டால் என்னிடம் அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. சென்னையில் எதையும் வாங்க ஆள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

விக்டர் மட்டும் சொன்னார். "நேரா கேட்டுடேன். அவன் ஒண்ணும் ஓடிப் போற ஆளு இல்ல."

"கேட்டா உஷார் ஆயிடுவான்" என்றேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

தேவேந்திரனின் மனைவி பாரதி பார்க்கும்போதெல்லாம், "ஒரு நாள் சிங்கவரம் வாங்கக்கா, எங்க வூட்ல ஒரு வேள சாப்புடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். இரண்டு வருஷமாக நான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை நானாகவே போன் செய்து, "நாளைக்கு வர்றேன் பாரதி" என்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மெய்யாவாக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்கூட்டியில் போனேன். இரண்டு அறை, முன்பக்கம் சிமென்ட் ஷீட். மாமியார் தைலம்மாள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன், கண்ணால்தான். டிவி புதுசா பழசா? பிரிட்ஜ் எப்போது வாங்கியது? பரண் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது, அதில் என்ன? "அந்த டப்பால இன்னா பாரதி?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "வெத மல்லாட்டைக்கா" என்றாள். நான் அதையும் நம்பவில்லை.

பாரதி பரிமாறினாள். ஆட்டுக்கறிக் குழம்பு, வறுவல், முட்டை. குழம்பை ஊற்றிய விரல்களைப் பார்த்தேன். நகத்தில் பாலிஷ். ஊதா கலந்த பிங்க், ஜிகினா.

"பாலிஷ் நல்லாருக்குதே, எப்ப வாங்குன?" என்றேன்.

"போன வாரம்க்கா. கூட்ரோட்டு ஃபேன்சி ஸ்டோர்ல. இவருதான் வாங்கியாந்தாரு" என்று வெட்கப்பட்டாள்.

அவரேதான் வாங்கியது, அதுவும் போன வாரம்! வேறு சாட்சி வேண்டுமா? செஞ்சியில் இருக்கிற ஃபேன்சி ஸ்டோர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், எல்லாக் கடையிலும் அதே சீசாதான் இருக்கும், என் மகள் வாங்கியதும் அங்கேதான் என்பதெல்லாம் எனக்கு அப்போது ஏன் உறைக்கவில்லை? எதிரில் உட்கார்ந்திருந்த தேவேந்திரன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்த முகத்தில் ஒரு குறுகுறுப்பும் இல்லை. அப்படியானால் இவன் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று முடிவு கட்டினேன். இரண்டாவது தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை மேனேஜருக்கு மெயில் எழுதினேன். ஐந்து போர்டும் கெட்டுவிட்டன, பற்று வைத்த ஆள் டிரான்சிஸ்டர்களை மாற்றிவிட்டதாகத் தெரிகிறது, இருநூறு போர்டு வேலையை அவரிடம் கொடுக்க வேண்டாம். கீழே பெயரும் கடை விலாசமும் போட்டேன். சர்க்யூட்டில் தப்பில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா? என் மூன்று வருஷ உழைப்பைக் காப்பாற்ற ஒரு ஆளைத் தூக்கிக் கொடுத்தேன். அனுப்பும்போது கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போர்டுகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். "அளவு கொஞ்சம் முன்னப் பின்ன இருக்குது. பத்து வெச்சது சரியான்னு ஒரு தடவ பாருங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "இன்னாக்கா இது, பிங்கா இருக்குது? அன்னிக்கே பாத்தேன். நீங்க எதுக்காச்சும் வெச்சிருப்பீங்கன்னு உட்டுட்டேன். கெப்பாசிட்டர் மாத்தறப்போ ஹாட் ஏர் சூட்டுல எளகிப் போயி லைனுக்கு நடுவுல எறங்கிக்கீது பாருங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே தின்னர் பாட்டிலைத் திறந்தார், காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்தார், துடைக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, அத ஏன் அழிக்கிறீங்க?"

"நீங்கதானக்கா சொன்னீங்க, வெரல் கிட்ட போனாலே அளவு மாறும்னு. இது கோட்டு மேலயே குந்திக்கினு இருக்குது. பாப்பா வெளாட்டுல சிந்தியிருக்கும், திட்டாதீங்க."

சாட்சியை என் கண் முன்னாலேயே அழிக்கிறான் என்று நினைத்தேன். கடை வாசலில் வேறு ஆட்கள் நின்றதால் கத்தவில்லை. கைப்பை வாரை முறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் மூச்சை அடக்கி அடக்கிப் பதினைந்து சொட்டையும் துடைத்தார். இடைவெளிகளை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தார். பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, கெட்டதை இன்னொரு தடவை அளந்து மேனேஜருக்கு அனுப்பலாம் என்றுதான் கருவியில் மாட்டினேன்.

முப்பத்தொன்று.

அடுத்ததும் முப்பத்தொன்று. ஐந்தும் அளந்தேன். ஐந்தும் உயிரோடு இருந்தன. ஆனாலும் என் புத்தி விடவில்லை. நிலாவின் சீசாவை எடுத்து வந்து, முதல் போர்டில் ஒரு டிரான்சிஸ்டர் காலடியில், அந்த இடைவெளியில், குண்டூசி முனையால் ஒரே ஒரு சொட்டு வைத்தேன். திரையில் கோடு என் கண்ணெதிரே சரிந்தது. முப்பத்தொன்றில் இருந்தது இருபதுக்கு இறங்கிற்று. தின்னர் தொட்டுத் துடைத்தேன், ஏறிற்று. மறுபடி வைத்தேன், இறங்கிற்று. எத்தனை தடவை செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

விரல் நெருங்கினால்கூட அளவு மாறும் என்று கம்பெனிக்குப் பயிற்சிக்கு வரும் காலேஜ் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் அளக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. சொட்டு வைத்ததும் ஒரு தடவை, அளவு விழுந்ததும் சொட்டைத் துடைத்துவிட்டு ஒரு தடவை அளந்து பார்த்திருக்கலாம். தோன்றவே இல்லை. அந்தச் சொட்டை நான் சர்க்யூட்டில் வைத்ததாகவே நினைக்கவில்லை. தேவேந்திரன் மேல் வைத்ததாக நினைத்திருந்தேன். செம்பு, தங்கம், காற்று, பிளாஸ்டிக் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், என் கையில் இருந்த பிரஷை விட்டுவிட்டேன்.

உடனே மேனேஜருக்குப் போன் செய்தேன். தப்பு என்னுடையது, போர்டுகள் நன்றாக இருக்கின்றன, ஆள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"ரொம்ப நல்லது மேடம், சர்க்யூட் ஓகேதானே? அதான் முக்கியம்" என்றார். "அசெம்ப்ளி வேலய நேத்தே வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம். அட்வான்ஸும் போயிடுச்சு."

"அந்த மெயில்?"

"அது எல்லாருக்கும் ஃபார்வர்ட் ஆயிடுச்சு மேடம். பார்ட்ஸ மாத்துற ஆளுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப இல்லன்னு சொன்னா, யாரும் ரிஸ்க் எடுக்க மாட்டாங்க. விடுங்க, சின்ன விஷயம்."

சின்ன விஷயமாம். அந்த ஆளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதைச் சின்ன விஷயமாக்கி அவர் கையில் கொடுத்தவளே நான்தான். எல்லோருக்கும் இன்னொரு மெயில் எழுதினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன், நகப்பாலிஷ் உட்பட. ஒரே ஒருவரிடமிருந்து பதில் வந்தது, சிரிக்கிற பொம்மை ஒன்று.

புதன்கிழமை காலை கடைக்குப் போனேன். படியேறும்போது, பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கம்பெனியில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னால் முடிந்தது. அவருக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை. அக்கா என்று கூப்பிடுகிற வாய் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆசை எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் கடைக்குள் ஒரு பையன் உடைந்த போனை நீட்டிக்கொண்டு நிற்க, தேவேந்திரன், "வேற கடைல குடுப்பா, எனக்கு அடுத்த வாரத்துலேர்ந்து கம்பெனி வேல இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் போன வாங்கிக்குங்க தம்பி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பையனிடமிருந்து போனை வாங்கி வைத்துக்கொண்டு, அவனைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பினார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மங்கை டீச்சர் சொன்னது, சொட்டு வைத்தது, பதின்மூன்று, மெயில், முப்பத்தொன்று, மேனேஜர். அழக்கூடாது என்று இருந்தேன். அழுது தொலைத்தேன். செய்ததையும் செய்துவிட்டு அழவும் செய்கிற என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அவர் இடுக்கியைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்த மெயில்ல என் பேரப் போட்டீங்களாக்கா, இல்ல சும்மா ஒரு ஆளுன்னா?"

"பேரு போட்டேன்."

"ஊரு?"

"போட்டேன்."

தலையாட்டினார். புதுசாகப் போட்ட மேஜையை ஒரு தடவை பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றிருந்தது. பேக்கரியில் யாரோ பன் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் மாத்திட்டேன்னு எப்பக்கா முடிவு கட்டுனீங்க?"

"வெள்ளிக்கிழம."

அவர் கை நின்றது. கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு.

"அப்ப ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வந்தது இதுக்குத்தானா?"

"ஆமா" என்றேன்.

அவர் அந்தப் பையனின் போனை எடுத்துப் பின்பக்க மூடியைத் திறக்க ஆரம்பித்தார். நிமிரவில்லை.

"இத பாரதிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். "நீங்க வந்து சாப்ட்டத அது தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்குது."